கேளாமல் கொடுத்த நேர்த்தி

செலீனாவுக்கு வருத்தம் வந்து சுகமான கதையைப் பள்ளிமுனையில் எவரிடம் கேட்டாலும் ஒப்புவிப்பார்கள். எத்தனை தரம் யாழ்ப்பாணத்துக்கு ஏற்றி இறக்கினார்கள், எத்தனை நாள் கதிர் மெசினில் கிடத்திக் கரண்ட் பிடித்தார்கள், எந்தக் கிழமை முழுக்கச் சத்தி எடுத்தாள், எப்போது முதன்முதலாகக் கஞ்சி இறங்கியது, எல்லாம் ஊருக்கு மனப்பாடம். ஊர் நல்ல ஊர்தான், குறை சொல்லக்கூடாது. பாணும் பிஸ்கட்டும் பால்மாப் பேணியுமாக வந்து குவிந்தன. வந்தவர்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால் வரைக்கும் விசாரித்தார்கள். வயிற்றாலே போகிறதா, மூத்திரம் எரிகிறதா என்றுகூட ஆண்கள் இருக்கும்போதே கேட்டார்கள்.

கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று. நீயும் உன் புருசனும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருத்தி வாய் திறக்கவில்லை. கர்ப்பப்பை வாசலில் புற்றுநோய் வந்த பெண்ணிடம், நாற்பத்து மூன்று வயதுக்காரியிடம், அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாளோ என்னவோ. ஆனால் சொல்வதற்கு அவளிடம் இருந்தது. இரண்டு வருசமாகப் புருசன் கொன்ஸ்ரன்ரைன் அவளைத் தொடவில்லை.

செலீனா வங்காலையில் பிறந்தவள். பத்து வயதில் சண்டைக்குப் பயந்து தாய் தகப்பனோடு மடுக் காட்டில் அகதியாகக் கிடந்தாள். சமாதான காலத்தில் இருபத்திரண்டு வயதில் பள்ளிமுனைக்கு மருமகளாக வந்தாள். ஒரே மகள் றெபேக்கா இப்போது வவுனியாவில் விடுதியில் நின்று படிக்கிறாள். கொன்ஸ்ரன்ரைனுக்குச் சொந்தமாக ஒரு படகும் நண்டு வலையும் உண்டு. பின்னேரம் போய் வலையைக் கடலில் படுத்துவிட்டு வருவான், விடியப் போய் இழுத்துக்கொண்டு வருவான். கரைக்கு வந்த வலையில் இருந்து நண்டு கழற்றுவது செலீனாவின் வேலை. புருசன் ஒரு தலைப்பில் குந்துவான், பெண்சாதி மறு தலைப்பில் குந்துவாள். கால் முறியாமல் நண்டைக் கழற்றிக் கழற்றி இரண்டு பேரும் வலையின் நடுவில் சந்திக்கும்போது வெயில் ஏறியிருக்கும். இருபது வருசமாக அந்த இடத்தில் அவன் ஏதாவது ஒரு குறும்புக் கதை சொல்லி அவளைச் சிரிக்க வைப்பான். பக்கத்து வலைக்காரிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அவனும் அவளும் அப்படிப்பட்ட சோடி என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பேருக்குக் குடும்பம் நடத்தியவர்கள் அல்ல. கடலில் காற்றென்று படகு இறக்காத நாள்களில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார்கள். அவளுக்கு அவனைப் பிடிக்கும். அவன் கையைப் பிடிக்கும், உப்பு வெடித்த அந்த முரட்டுக் கையை. வருத்தம் வந்து, உயிர் போகுமோ நிற்குமோ என்றிருந்த மாதங்களில்கூட, இந்தக் கை இனி என்மேல் படுமா என்றுதான் அவள் நினைத்தாள். பிள்ளையை நினைத்தேன், மாதாவை நினைத்தேன் என்று வெளியில் சொன்னதெல்லாம் பாதிப் பொய்.

அதைப் பற்றி அவளோடு பேசிய ஒரே ஆள் சுபத்திரா மிஸ். ஆஸ்பத்திரியில் தாதி, செலீனாவைவிட வயதில் இளையவள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாளில் செலீனாவைத் தனியாக ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நான் இப்ப சொல்லப்போறதை வேற ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லாயினம். வெக்கப்படாமல் கேளுங்கோ. கரண்ட் பிடிச்ச இடம் உள்ளுக்குத் தழும்பாகி ஒட்டிக்கொண்டு வரும். காஞ்சு போகும். சும்மா விட்டால் ஒடுங்கிப்போகும். பிறகு டொக்ரர் உள்ளுக்குச் சோதிச்சுப் பாக்கவும் ஏலாது, நீங்கள் புருசனோட இருக்கவும் ஏலாது."

சொல்லிவிட்டு ஒரு துணிப்பையை எடுத்தாள். உள்ளே வழுவழுப்பான நாலு பிளாஸ்ரிக் குழல்கள், முனை உருண்டு மூடியவை. முதலாவது சுண்டுவிரல் பருமன். நாலாவதைப் பார்த்ததும் செலீனா யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"கிழமைக்கு மூண்டு நாள், ஒரு தரத்துக்குப் பத்து நிமிசம். இந்த வழுக்கல் களியைப் பூசிப்போட்டு மெதுவாச் செய்யுங்கோ. சின்னதில தொடங்கி ஆறுதலாப் பெரிசுக்குப் போகலாம். நோகும். துளி இரத்தம் பட்டால் பயப்பிடாதேங்கோ, கனக்க வந்தால் உடன வாங்கோ."

"மிஸ்... அவருக்கு ஒட்டாதோ?"

"புற்றுநோய் ஆளுக்கு ஆள் ஒட்டாது அக்கா. தொட்டால் திரும்பி வரவும் மாட்டுது. இது ஒரு கிருமியால தொடங்கிறதுதான். ஆனா அந்தக் கிருமி முக்கால்வாசிச் சனத்துக்கு எப்பவாவது வந்து போறது. இருபது வருசம் சத்தமில்லாமல் உள்ளுக்குக் கிடக்கும். எப்ப வந்தது, ஆரால வந்தது எண்டு ஒரு டொக்ரராலும் சொல்லேலாது. அதை வச்சு ஒருத்தரை ஒருத்தர் குற்றம் பிடிக்கக்கூடாது. அடுத்த கிளினிக்குக்கு அண்ணையையும் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் அவருக்கும் சொல்லுறன்."

அண்ணை வரவில்லை. ஒவ்வொரு கிளினிக்குக்கும் பள்ளிமுனையில் இருந்து அவளோடு பஸ் ஏறி யாழ்ப்பாணம் வரைக்கும் வருவான். தண்ணீர்ப் போத்தலைத் தூக்குவான், கொப்பியைத் தூக்குவான். ஆஸ்பத்திரிப் படலை வரைக்கும் வந்து அங்கே ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். உள்ளே வாங்கோ என்றால் தலையைக் குனிவான். ஆண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று நினைக்கிறான் போலும் என்று செலீனா நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் நினைக்கப் பழக்கியிருக்கிறார்களே.

துணிப்பையை எங்கே ஒளிப்பது? அலுமாரியை வந்து போகும் மைத்துனி கேட்காமல் திறப்பாள், தலையணைக்குக் கீழே வைத்தால் மகள் லீவில் வந்து எடுப்பாள். கடைசியில் பாலன் குடில் பெட்டி கைகொடுத்தது. சூசையப்பரும் இடையர்களும் மாடுகளும் வைக்கோலில் சுற்றிக் கிடக்கும் அந்த மட்டைப் பெட்டியை மார்கழி வரைக்கும் வீட்டில் ஒருவரும் தொடமாட்டார்கள். மார்கழியில் பையை மட்டும் தையல் மெசின் லாச்சிக்கு மாற்றினாள். மூன்று இராசாக்கள் திருநாள் முடிய அது திரும்பவும் மாடுகளுக்குப் பக்கத்தில் வந்து படுத்தது. சுரூபங்களோடு இதை வைப்பது பாவமோ என்று முதலில் தயங்கினாள். ஊர்ச் சனத்தின் வாயைவிடச் சூசையப்பர் எவ்வளவோ மேல் என்று பிறகு துணிந்துவிட்டாள்.

பின்னேரம் மூன்று மணிக்குக் கொன்ஸ்ரன்ரைன் வலை படுக்கப் போன பிறகு கதவை உள்ளால் கொழுவுவாள். திங்கள், வியாழன், சனி. திங்கள், புதன், வெள்ளி என்றுதான் மிஸ் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஆண்டவர் பாடுபட்ட நாள், அன்றைக்கு இது சரியில்லை என்று செலீனா தானாகவே மாற்றிக்கொண்டாள். படுபவள் என்னவோ அவள்தான்.

முதல் மாதம் சுண்டுவிரல் பருமனுக்கே உயிர் போனது. பச்சைப் புண்ணுக்குள் மிளகாய் வைத்ததுபோல் எரிந்தது. செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லப் பத்து நிமிசம் ஆகுமென்று தொடங்கினாள், நாலு நிமிசத்திலேயே முடிந்துவிட்டது. வலியில் அருள் நிறைந்த மரியே அவ்வளவு வேகமாக ஓடும். பிறகு சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். சில நாள் அழுதாள். சில நாள் குழலைச் சுவரில் எறிந்தாள், எழுந்துபோய்க் கழுவி எடுத்து வந்து மறுபடி படுத்தாள். ஆறு மாதத்தில் இரண்டாவது குழல். ஒரு வருசம் கழிய மூன்றாவது. அன்றைக்கு அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மகள் பரீட்சை பாஸ் பண்ணியபோது இருந்த அதே சந்தோசம். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரிடம் சொல்வது, மாட்டிடமா?

இதெல்லாம் அவனுக்காக. அவனும் அவளும் பழையபடி ஆவதற்காக.

கலியாண நாள் வந்தது. காலைப் பூசைக்கு இரண்டு பேரும் போய் வந்தார்கள். அவள் புதுச் சேலை கட்டியிருந்தாள். கரண்ட் பிடித்த காலத்தில் உருகிப்போன உடம்பு ஓரளவு தேறியிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் கட்டிலில் சரிந்தபோது அவளும் பக்கத்தில் போய்ப் படுத்து அவன் நெஞ்சில் கையை வைத்தாள். அவன் நெஞ்சு அடித்த அடி அவள் கைக்குக் கேட்டது. அவன் அவள் கையைப் பிடித்தான். பிடித்து, இறக்கி, கட்டிலில் வைத்தான்.

"வேண்டாம் செலீனா. உனக்கு ஏலாது."

"எனக்கு ஏலும். மிஸ் சொன்னவ ஒண்டும் வராதெண்டு. நானும்..." குழல்களைப் பற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை. "நானும் இப்ப சுகம்தானே."

அவன் எழுந்து சாரத்தை இறுக்கிக் கட்டினான்.

"இஞ்சருங்கோ, மணக்குதோ?" அவள் கேட்டுவிட்டாள். கரண்ட் பிடித்த மாதங்களில் ஒரு கெட்ட நீர் போய்க்கொண்டிருந்தது. அது நின்று வருசமாகிவிட்டது, ஆனாலும் ஒரு நாளைக்கு மூன்று தரம் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்கோ, நான் கோவிக்கமாட்டன். மணக்குதெண்டால் சொல்லுங்கோ."

"ஐயோ, இல்லை" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. மூலையில் கிடந்த பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனான். அன்றையில் இருந்து அவன் படுக்கை விறாந்தையில், வலைக் குவியலுக்குப் பக்கத்தில்.

மனிசன் அடித்தால், ஏசினால், எவளிடமாவது போனால் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கலாம். இவன் அரிசி கழுவிக் கொடுத்தான், மருந்துக்கு மணி பார்த்தான், கிணற்றில் தண்ணீர் அள்ளி வைத்தான். தாய்க்குச் செய்கிற மாதிரிச் செய்தான். புண்ணியவான், இப்படி ஒரு புருசன் யாருக்குக் கிடைக்கும் என்று பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். செலீனா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணாடியில் தன்னையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். குறை தன் உடம்பில்தான் என்று முடிவு கட்டினாள். இன்னும் ஒரு குழல்தானே மிச்சம் என்று நாலாவதைக் கையில் எடுத்தாள்.

ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்குப் போனார்கள். வருசா வருசம்போல் மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, ஐந்தாறு நாள் தங்குவதற்கான ஆயத்தத்தோடு. இந்த முறை மாதாவிடம் என்ன கேட்பதென்று செலீனா முடிவு செய்துகொண்டுதான் வந்தாள். நேர்த்திக்குக் காணிக்கை வேண்டுமே என்று கடைத்தெருவுக்குப் போனாள். ஒரு தற்காலிகக் கடையில் தகட்டில் வெட்டிய உறுப்புகள் தொங்கின. கை, கால், கண், காது, இருதயம், தவழுகிற குழந்தை. எந்த உறுப்பில் வருத்தமோ அந்த உறுப்பை வாங்கி மாதாவின் காலடியில் வைக்க வேண்டும். செலீனா ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரைக்கும் பார்த்தாள். வயிறுகூட இருந்தது. அவளுக்கு நொந்துபோன இடத்துக்குத் தகடு இல்லை.

"என்ன வேணும் அம்மா?" என்று கடைக்காரன் கேட்டான்.

"உங்களிட்ட இல்லை" என்றுவிட்டுத் திரும்பினாள்.

கூடாரத்துக்கு வந்தபோது கொன்ஸ்ரன்ரைன் தனியாக இருந்து விறகு முறித்துக்கொண்டிருந்தான். மற்றச் சனமெல்லாம் பின்னேரச் செபமாலைக்குப் போய்விட்டது.

"நீங்களும் வாங்கோ" என்றாள். "ரெண்டு பேரும் சேந்து முழந்தாளில நிண்டு கேட்டால்தான் பலிக்கும்."

"என்ன கேக்கப்போறாய்?"

"நீங்கள் பழையபடி என்னோட இருக்கவேணும். அதைத்தான் கேக்கப்போறன். மாதாவும் ஒரு பொம்பிளைதானே, அவவுக்கு விளங்கும்."

அவன் கையில் இருந்த விறகு விழுந்தது.

"அதைக் கேளாத செலீனா. அது குடுத்தாச்சு."

"என்னத்தைக் குடுத்தாச்சு?"

"உனக்கு வருத்தமெண்டு சொன்ன கிழமை நான் இஞ்ச வந்தனான். அவளை உயிரோட எனக்குத் தாங்கோ, இனிச் சாகும்வரைக்கும் அவளைத் தொடமாட்டன் எண்டு மாதாவுக்கு நேர்ந்தனான். அவ உன்னைத் தந்திட்டா. இனி நான் சொல்லு மாறினால் திரும்ப எடுத்துப்போடுவா."

செலீனா கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டுக் கிடாயை நேர்ந்து விடுவார்கள், மெழுகுதிரியை நேர்வார்கள், மகளைக் கன்னியர் மடத்துக்கு நேர்ந்துவிட்ட தாயைக்கூட அவளுக்குத் தெரியும். அந்த மகளிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்.

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

"உன்ர உயிருக்காகத்தான்..."

"என்ர உயிருக்கு நான் கரண்ட் பிடிச்சனான். நான் சத்தி எடுத்தனான். என்ர உடம்பை நேர்ந்து விட நீங்கள் ஆர்? ரெண்டு வருசம் மணக்குதோ மணக்குதோ எண்டு தோல் உரியக் குளிச்சனே, அப்பவாவது ஒரு சொல்லுச் சொன்னீங்களோ?"

"நேர்த்தியை வெளிய சொன்னால் பலிக்காதெண்டு..."

அவள் அதற்குமேல் நிற்கவில்லை. நேரே கோயிலடிக்குப் போனாள். அங்கே மரங்களுக்குக் கீழே கதிரைகளைப் போட்டுக் குருமார் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். றெனால்ட் சுவாமியின் வரிசையில் போய் நின்றாள். இளம் குருவானவர், மீசைகூடச் சரியாக அடரவில்லை. முழந்தாளிட்டு, பாவம் ஒன்றும் சொல்லாமல், நடந்ததைச் சொன்னாள். சுவாமியின் காது சிவந்தது. இருந்தாலும் நல்ல பிள்ளை, முகத்தைத் திருப்பவில்லை.

"அம்மா, ஒருத்தர் தன்னுடையதைத்தான் கடவுளுக்கு நேரலாம். கலியாணத்தில அவர் மட்டும் இல்லையே, நீங்களும் இருக்கிறீங்கள். உங்கட சம்மதம் இல்லாமல் அவர் குடுத்தது செல்லாது. அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

கூட்டிக்கொண்டு வந்தாள், இழுத்துக்கொண்டு வந்தாள் என்பதே சரி. சுவாமி அவனைப் பக்கத்தில் இருத்தி அரை மணி நேரம் பேசினார். நேர்த்தியை அவிழ்த்து, அதற்குப் பதிலாக ஒரு வருசத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கூடை நண்டு வயோதிபர் இல்லத்துக்குக் கொடுக்கச் சொன்னார். கொன்ஸ்ரன்ரைன் தலையை ஆட்டினான். சுவாமி இரண்டு பேரின் தலையிலும் கை வைத்து ஆசீர்வதித்தார்.

திரும்பி வரும் வழியில் பஸ் முருங்கன் சந்தியில் நின்றபோது செலீனா இரண்டு பேருக்கும் பிளேன்ரீ வாங்கினாள். கோபம் ஆறவில்லை, ஆனாலும் நம்பிக்கை வந்திருந்தது. குறை தன்னில் இல்லை என்பதே பெரிய ஆறுதல். பயந்த மனிசன், பயத்தில் ஒரு முட்டாள்தனம் பண்ணிவிட்டான், இனிச் சரிவரும் என்று நினைத்தாள். அடுத்த வியாழன் நாலாவது குழல் முதன்முறையாக முழுதாக வசப்பட்டது.

வெள்ளிக்கிழமைகளில் கூடை நண்டு தவறாமல் போனது. ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி. நல்ல பெரிய நண்டாகப் பொறுக்கித்தான் போட்டான். பாய் மட்டும் விறாந்தையை விட்டு அசையவில்லை.

ஆறாவது கிழமை வியாழன் காலை. கரையில் வலை விரிந்து கிடந்தது. அவன் ஒரு தலைப்பில், அவள் ஒரு தலைப்பில். கழற்றிக் கழற்றி நடுவுக்கு வந்தார்கள். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"சுவாமி அவிட்டுவிட்டவர்தானே" என்றாள். "இன்னும் என்ன?"

அவன் ஒரு நண்டின் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தான். கழற்றவும் இல்லை, விடவும் இல்லை.

"சுவாமிக்கு நான் முழுக்கச் சொல்லேல்ல."

"எதை?"

"சண்டை முடிஞ்ச கையோட கிழக்குக் கரையில வாடிக் கொட்டில் போட்டு மூண்டு பருவம் தொழிலுக்குப் போனனான்தானே. அங்க ஒருத்தியோட பழக்கம் இருந்தது. மூண்டு பருவமும்." நண்டின் கால் அவன் விரலுக்குள் முறிந்தது. "உனக்கு வருத்தமோ எண்டு சோதிக்கக் குடுத்திருந்த நேரம் கோயில் மண்டபத்தில சுகாதாரக்காரர் ஒரு கூட்டம் வச்சவை. நான் பின்னுக்கு நிண்டு கேட்டனான். இந்த வருத்தம் ஆம்பிளையளிட்ட இருந்து வாற கிருமியால எண்டு சொல்லிச்சினம். எனக்கு அங்க நிக்க ஏலேல்ல, மிச்சம் கேளாமல் வெளிக்கிட்டுட்டன். நான்தான் செலீனா. நான்தான் உனக்குக் கொண்டுவந்து தந்தனான். அதுக்குத் தண்டனையாத்தான் அந்த நேர்த்தி. ஆஸ்பத்திரிக்கு உள்ளுக்கு வந்தால் டொக்ரர் என்ர முகத்தைப் பாத்தே கண்டுபிடிப்பார் எண்டு பயம்."

மூன்று பருவம். செலீனாவுக்கு அந்த வருசங்கள் நன்றாக ஞாபகம் இருந்தன. அவன் தாய் படுத்த படுக்கையாகக் கிடந்த வருசங்கள். கிழவியின் முதுகுப் புண்ணைக் கழுவி, மருந்து கட்டி, மலம் அள்ளி, ஏழு வயது மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வாடியில் புருசன் என்ன சாப்பிடுகிறானோ என்று கவலைப்பட்டுக் கருவாட்டுச் சம்பலும் கட்டி அனுப்பியிருக்கிறாள். அந்தச் சம்பலை இரண்டு பேரும் சேர்ந்து தின்றிருப்பார்கள்.

அவன் விம்மி விம்மி அழுதான். "நான்தான் உன்னைக் கொல்லப் பாத்தனான்" என்று மணலில் அடித்துக்கொண்டான்.

சுபத்திரா மிஸ் சொன்னது அப்போது செலீனாவுக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. முக்கால்வாசிச் சனத்துக்கு வந்து போகிற கிருமி. இருபது வருசம் சத்தமில்லாமல் கிடக்கும். ஆரால வந்தது எண்டு ஒரு டொக்ரராலும் சொல்லேலாது. அவன் கேளாமல் ஓடி வந்த மிச்சம் அதுதான், அது அவள் வாய்க்குள் இருந்தது. சொன்னால் போதும், இந்த மனிசன் தலையில் சுமக்கும் கல் கீழே விழுந்துவிடும்.

அவள் வாயைத் திறக்கவில்லை. முறிந்த நண்டை வேறாக எடுத்துப் போட்டுவிட்டு மிச்ச வலையைக் கழற்றினாள்.

அன்று பின்னேரம் கொன்ஸ்ரன்ரைன் வலை படுக்கப் போகவில்லை. மூன்று மணிபோல் குளித்து, தோய்த்த சாரம் உடுத்து, தலை சீவி இழுத்துக்கொண்டு அறைக்குள் வந்தான். வந்து கட்டில் விளிம்பில் இருந்தான். கலியாண நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். இப்பதான் மனசு லேசாக் கிடக்கு" என்றான். கையை நீட்டி அவள் கையைப் பிடித்தான். அதே கை. உப்பு வெடித்த முரட்டுக் கை.

இதற்காகத்தான் அவள் இரண்டு வருசம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக் கிடந்தாள். இந்தக் கைக்காகத்தான் நாலு குழலும். கை வந்துவிட்டது. அவளுக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். அசைந்தது ஆத்திரம் மட்டும்தான். அவனுக்கு மனசு லேசாகிவிட்டதாம். அந்தப் பாரம் எங்கே போனதென்று அவன் யோசிக்கவில்லை. காலையில் இருந்து அதைச் சுமந்துகொண்டு சோறு வடித்தவள் அவள்.

"எழும்பு" என்றாள்.

இருபத்தொரு வருசத்தில் அவள் அவனிடம் அப்படி ஒருமையில் பேசியதில்லை. அவன் திகைத்துப்போய் எழுந்தான்.

"வெளிய போ. எனக்கு வேலை கிடக்கு."

அவள் ஸ்ரூலில் ஏறி, அலுமாரிக்கு மேலே இருந்த பாலன் குடில் பெட்டியை இறக்கினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கவே வைக்கோலை விலக்கி, துணிப்பையை எடுத்து, நாலு குழலையும் கட்டிலில் வரிசையாக வைத்தாள். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் வெளிறிப்போனது.

"இதென்ன... எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசம். கிழமைக்கு மூண்டு நாள். நீ கடலுக்குப் போன பிறகு."

"எனக்காகவோ?"

"உனக்காகத்தான் தொடங்கினது."

"இனி என்னத்துக்கு செலீனா? நான் இருக்கிறன்தானே. நான் வந்திட்டன்தானே."

"டொக்ரர் உள்ளுக்குப் பாக்கவேணும், என்ர உயிர் இருக்கவேணும். அதுக்கு. இது என்ர உடம்பு. இதை நீ நேர்ந்துவிடவும் ஏலாது, அவிட்டு எடுக்கவும் ஏலாது. போ."

அவன் போனான். அவள் கதவைக் கொழுவினாள். களிப் போத்தலை எடுத்துக்கொண்டு படுத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மூன்று இருபது.

கதவுக்கு வெளியே அவன் குந்தியிருப்பது கீழ் இடுக்கில் விழுந்த நிழலில் தெரிந்தது. ஒரு தரம் அவள் பெயரைச் சொன்னான். கொஞ்சம் கழித்து, "இதைக் கொண்டுவந்து தந்தது நான்தான் எண்டு நீயும் நினைக்கிறியோ?" என்று கேட்டான். இல்லையென்று ஒரு சொல்லுக்காகக் கெஞ்சுகிற குரல். அந்தச் சொல் அவளிடம் இருந்தது. இரண்டு வருசம் அவன் தன்னுடையதைச் சொல்லாமல் வைத்திருந்தான். இவளும் வைத்திருப்பாள், எவ்வளவு காலத்துக்கென்று அவளுக்கே தெரியாது.

மணிக்கூடு மூன்று முப்பது காட்டியது. பத்து நிமிசம் முடிந்துவிட்டது. அவள் எழுந்து குழலைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு திரும்பவும் கட்டிலில் ஏறி, கதவைத் திறக்காமல், நடுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.